நீரிழிவும் கமத்து மூலிகைகளும்
பாகல், கொவ்வை முதலியன பயிரிடுவோரும் உண்போரும் அறியவேண்டியவை



களனி கங்கைக்கு அண்மையில், பேலியகொடையிலே அமைந்துள்ள மனிங் சந்தைக்கு உங்கள் தோட்டத்துப் பாகற்காயும் கீரைக்கட்டும் இரவோடிரவாக வந்து சேருகின்றன. நெடுங்காலம் புறக்கோட்டையில் நடைபெற்றுவந்த இச்சந்தை பின்னர் இங்கு இடமாற்றப்பட்டது. விடியுமுன் இங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஏனைய பகுதிகளுக்கும் பிரிந்து செல்லும் மரக்கறியில் ஒரு பங்கு கறிக்காக வாங்கப்படுகின்றது; மற்றொரு பங்கு மருந்துக்காக வாங்கப்படுகின்றது. பாகற்காயைப் பொறுக்கி எடுக்கும் ஒருவர், “இது சீனி வியாதிக்கு எப்படிச் சாப்பிடவேண்டும்?” என்று வியாபாரியிடமே கேட்பதை இச்சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்றாலே கேட்கலாம். வியாபாரியும் தமக்குத் தெரிந்த ஒரு விடையைக் கூறி அனுப்புகின்றார்.

அக்காயைப் பயிரிட்டவர் நீங்கள். உங்களுள்ளும் பலருக்கு இந்நோய் உண்டு. 2005–2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடாத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐவருள் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருப்பதாகக் கண்டது. ஆகவே இம்மூலிகைகள் உடலில் என்ன செய்கின்றன, எவற்றைச் செய்யமாட்டா, எவ்வாறு பயிரிட்டால் நோயாளிக்குத் தீங்கில்லை என்பவற்றை நீங்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோய் எவ்வாறு உண்டாகின்றது?

சலரோகம் என்று நம் முன்னோர் வழங்கிய இந்நோயை விளங்கிக்கொள்ளக் கமக்காரருக்கு வயலே போதும். நாம் உண்ணும் சோறு வயிற்றிலும் குடலிலும் சமித்துச் சீனியாகிக் குருதியிற் கலக்கின்றது. குருதி வாய்க்காலாகும், உடலின் தசைகள் வயலாகும். வாய்க்காலில் ஓடும் நீர் வயலுக்குட் பாய்வதற்கு மடை திறக்கப்படவேண்டும் அல்லவா? அந்த மடையைத் திறப்பது சதையி என்னும் உறுப்பிற் சுரக்கும் இன்சுலின் ஆகும். இன்சுலின் குறைந்தாலோ, இன்சுலின் இருந்தும் மடை இறுகிக்கொண்டாலோ வாய்க்கால் நிரம்பி வழியும், வயலோ வாடும். நீரிழிவுக்காரர் நிறைய உண்டும் களைத்துப்போவதும், சீனி சிறுநீருடன் வெளியேறுவதும் இதனாலேயே. வாய்க்கால் பல ஆண்டுகள் நிரம்பியே ஓடினால் கரைகள் அரிக்கப்படும். கண், சிறுநீரகம், பாதத்து நரம்புகள் முதலியன கெடுவது அவ்வாறே.

சிறு வயதிலேயே சதையி முற்றாகச் செயலிழந்தவர்களுக்கு இன்சுலின் ஊசி இன்றி உயிர்வாழ்வு இல்லை. அவர்களுக்கு எந்த மூலிகையும் ஊசிக்கு மாற்றாகாது. 1922 ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படுமுன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் சிறிது காலத்திலேயே இறந்துபோயினர் என்பதை மறத்தலாகாது. கீழே சொல்லப்படுவன யாவும் நடுத்தர வயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவு பற்றியனவாகும்.

மூலிகைகள் செய்வன

சில மூலிகைகள் வாய்க்காலுக்கு நீர் வரும் வேகத்தைக் குறைக்கின்றன; குளத்துத் துருசைச் சிறிது தாழ்த்துவதுபோல என்க. வெந்தயத்தை ஊறவைத்தால் வழுவழுப்பான பசை உண்டாவதைக் கண்டிருப்பீர்கள். அந்நார்ப்பொருள் குடலில் உணவைச் சூழ்ந்துகொண்டு சீனி குருதியிற் கலப்பதைத் தாமதப்படுத்துகின்றது.

நமது காடுகளில் வளரும் கொத்தல ஹிம்புட்டு என்னும் கொடியும் இவ்வகையினதே. இதன் மரத்திற் கடைந்த குவளையில் இரவில் நீரூற்றி வைத்துக் காலையிற் பருகும் வழக்கம் சிங்கள வைத்தியத்தில் நெடுங்காலமாக உண்டு. 1997 ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் இக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியத்தை அது தடுக்கின்றது. பின்னர் நம் நாட்டிலேயே 51 நோயாளருக்கு, மூன்று மாதம் இம்மூலிகைத் தேயிலையும் மூன்று மாதம் மூலிகை கலவாத தேயிலையும் மாற்றிக் கொடுத்துப் பரீட்சித்தனர். முடிவு 2005 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்று மாதச் சீனிக் கணக்கைக் காட்டும் குருதிப் பரிசோதனையில், மூலிகை பருகிய காலத்தில் 6.29 வீதமும், பருகாத காலத்தில் 6.65 வீதமும் காணப்பட்டன. பயன் உண்டு; ஆனால் அது சிறிய பயன். குவளை விற்போர் கூறும் அளவு பெரியதன்று. அன்றியும், வேரைத் தோண்டினால் கொடி அழியும். காட்டிலிருந்து வேர் கொண்டுவந்து தருவதாகச் சொல்வோருக்குப் பணம் கொடாதீர்கள். காடும் கெடும், வேறொரு கொடியின் வேர் உங்கள் கைக்கு வருவதும் உண்டு.

வேலியிலே தானாகப் படரும் கொவ்வையை நாம் மதிப்பதில்லை. ஆயினும் அதனைப் பற்றி இலங்கையில் நல்ல பரீட்சை நடைபெற்றிருக்கின்றது. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நோயற்ற 61 பேரைத் தெரிந்து, ஒரு பகுதியினருக்கு 20 கிராம் கொவ்வையிலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் காலை உணவாகக் கொடுத்தனர். பின்னர் யாவருக்கும் சீனிக்கரைசல் பருகக் கொடுத்துக் குருதியைச் சோதித்தபோது, இலை உண்டவர்களிற் சீனி குறைவாகவே ஏறியிருந்தது. இருபது கிராம் என்பது ஒரு கைப்பிடி இலை. நம் வீட்டுப் பெண்கள் வறுக்கும் கொவ்வையிலை வறையில் இதைவிடக் கூடவே இருக்கும். மருந்துக்கடைக் குப்பியை நாடுமுன் வேலியைப் பார்க்கலாம் என்பது எனது அபிப்பிராயம்.

பாகலைப் பற்றியே மிகுந்த பேச்சு உண்டு. வடபகுதியிற் பாவல் என்று வழங்குவதும் இதுவே. இதிலுள்ள சில பொருள்கள் சீனியைக் குறைப்பது விலங்குகளிற் காணப்பட்டுள்ளது. மனிதரிற் செய்த பரீட்சைகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றிற் பயன் தெரிந்தது, சிலவற்றிற் தெரியவில்லை. கறியாக உண்பதில் ஐயமில்லை. பாகற்காய்க் கறி வைத்த அன்று சோற்றின் அளவும் பலருக்குக் குறைந்துபோகின்றது. அதுவும் ஒரு நன்மையே.

கறுவாவைப் பற்றி ஒரு சொல். 2003 ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் 60 நோயாளருக்கு 40 நாள் கறுவாத்தூள் கொடுத்துச் சீனி குறைந்ததாக அறிவித்தனர். பின்னர் நடந்த பரீட்சைகள் யாவும் அதனை உறுதிசெய்யவில்லை. பிறநாடுகளில் மலிவாக விற்கப்படும் சீனக்கறுவாவில் ஈரலைத் தாக்கும் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நம் நாட்டுக் கறுவாவில் அது மிகச் சிறிதே உண்டு. தேநீரில் ஒரு துண்டு இடுவதற்கு நம் கறுவாவையே வாங்குங்கள்.

மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு

“மூலிகை பச்சைப் பொருள், மாத்திரை இரசாயனம்” என்று கூறி மாத்திரையைக் கைவிடுவோர் பலர். வைத்தியசாலைகளில் நீரிழிவுக்கு முதலிற் கொடுக்கப்படும் மெற்போர்மின் என்னும் மாத்திரை பிறந்த கதையை அவர்கள் அறியார். ஐரோப்பாவில் கலேகா என்னும் அவரைக்குடும்பச் செடியை மக்கள் பழங்காலந்தொட்டே கைமருந்தாகப் பயன்படுத்தினர். ஆயின் அச்செடி நஞ்சுடையது. அதனை உண்டு ஆடுமாடுகள் இறந்ததுண்டு. அதிலுள்ள பொருளை ஆராய்ந்து, அதனை ஒத்ததும் தீங்கு குறைந்ததுமான மருந்தைச் செய்து, 1957 ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் ஜோன் ஸ்ரேர்ண் என்பவர் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். ஒவ்வொரு மாத்திரையிலும் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு உண்டு. உங்கள் தோட்டத்துப் பாகற்காயில் எத்தனை என்று எவரும் சொல்ல முடியாது. இனத்திற்கினம், மண்ணிற்கு மண், பிஞ்சுக்கும் முற்றலுக்கும் அது மாறும்.

இவ்வாறு அளவறியாது சேர்ப்பதால் மற்றொரு ஆபத்தும் நேரும். 1979 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையொன்று, குளோர்புரொப்பமைட் என்னும் நீரிழிவு மாத்திரை உட்கொண்ட பெண்ணொருவர் பாகற்காய்க் கறியும் சேர்த்து உண்டதால் இரண்டின் வேலையும் கலந்ததை அறிவித்தது. ஒரு நாட் கறியால் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் மாத்திரையும் போட்டு, வெறும் வயிற்றிற் பாகற்சாறும் பருகி, காலை உணவைத் தள்ளிப்போட்டு வயலில் இறங்குவோர் நிலை வேறு. குருதிச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், கடும்பசி, தலைச்சுற்று, மனத்தடுமாற்றம் என்பன தோன்றும். வெயிலில் மண்வெட்டி பிடிப்பவர் இதனை வெயிற்களைப்பு என்றே எண்ணிக்கொள்வார்; பக்கத்தில் நிற்பவரும் அவ்வாறே எண்ணுவார். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துப் பருகக் கொடுத்து, கால் மணிநேரத்திற் தெளிந்ததும் சோறோ பாணோ உண்ணச் செய்யுங்கள். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலிற் போய்விடும். 1990 என்னும் இலக்கத்திற்குச் சொல்லிச் சுவசெரிய அம்பியூலன்ஸ் வண்டியை அழைக்கவேண்டும். நீரிழிவுக்காரர் வயலுக்குப் போகும்போது மடியில் சிறு சீனிப்பொட்டலம் வைத்திருப்பது நன்று.

சுரைக்காயும் காமரங்காயும்

மரக்கறி பயிரிடுவோர் இப்பகுதியைக் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

2010 ஆம் ஆண்டில் தில்லி நகரில், நீரிழிவுக்காகச் சுரைக்காய்ச் சாறும் பாகற்சாறும் கலந்து பருகி வந்த ஒருவர் அச்சாற்றினாலேயே இறந்தார். அவர் அன்றுதான் புதிதாகப் பருகினாரல்லர், ஆண்டுக்கணக்காகப் பருகியவர். அன்றைய சுரைக்காய் கசப்பாயிருந்தது. சுரை, வெள்ளரி, பூசணி முதலிய குடும்பத்துக் கொடிகளில் குக்குர்பிற்றசின் என்னும் கசப்பு நஞ்சு இயற்கையாகவே உண்டு. காட்டினத்தில் அது மிகுதி. நாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்த இனங்களில் அது அடங்கிவிட்டது. ஆனால் காட்டுச்சுரையின் மகரந்தம் கலந்த விதையை விதைத்தாலும், கொடி கடும் வரட்சியில் வருந்தினாலும், எங்கோ ஒரு காயில் அது மீண்டும் தலைகாட்டும். அதனை உண்டவருக்குக் கடும் வாந்தியும், வயிற்றோட்டமும், குருதிவாந்தியும் உண்டாகி உயிருக்கே மோசம் வரலாம்.

கறியாக்கினால் ஒரு கவளத்திலேயே கசப்பை அறிந்து துப்பிவிடுவோம். பாகற்சாற்றுடன் கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாவுக்குத் தெரியாது; மருந்து கசக்கத்தான் வேண்டும் என்று மனமும் சொல்லும். இந்நிகழ்ச்சிக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, சாறெடுக்குமுன் சுரைக்காயில் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கவேண்டுமென்றும், கசந்தால் எறிந்துவிடவேண்டுமென்றும், வேறு சாறுகளுடன் கலக்கலாகாதென்றும் அறிவுறுத்தியது. கமக்காரர் செய்யவேண்டியது இதற்கு முந்திய வேலை: ஒரு கொடியிற் சுரைக்காய் கசந்தால் அக்கொடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். அதன் காய் ஒன்றேனும் சந்தைக்குப் போகலாகாது. அதிலிருந்து விதையும் எடுக்கலாகாது.

காமரங்காயைத் தமரத்தங்காய் என்றும் சொல்வர். இதன் புளிச்சாறு சீனியைக் குறைக்கும் என்று வெறும் வயிற்றிற் பருகும் வழக்கம் நம் நாட்டிற் பரவியுள்ளது. இதில் ஒட்சலேற்று என்னும் உப்பு மிகுதி. அது சிறுநீரகத்திற் பளிங்காகப் படிந்து அதனை அடைத்துவிடும். இப்பழத்தால் சிறுநீரகம் கெட்ட இருவரைப் பற்றிக் கண்டி, பேராதனைப் பகுதி வைத்தியர் 2015 ஆம் ஆண்டில் எழுதினர். ஒருவருக்கு அது திடீரென நேர்ந்தது. மற்றவருக்கு நாட்பட்ட நோயாயிற்று. நீரிழிவு நெடுநாள் உள்ளவரின் சிறுநீரகம் முன்னரே தளர்ந்திருக்கும். அதனைக் காப்பதற்கென்று பருகிய சாறே அதனை முடித்துவிடுகின்றது. நீரிழிவுக்காரர் காமரங்காய்ச் சாற்றை அறவே தவிர்க்கவேண்டும். அதன் இனமான பிளிங்காயின் சாறும் அத்தகையதே. கேரளத்தில் அதனாற் பலர் சிறுநீரக நோயுற்றனர்.

தூளாகவும் உருண்டையாகவும் விற்கப்படுவன பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்க் கடைகளில் வாங்கிய தெற்காசிய மூலிகை மருந்துகள் 70 வகையைச் சோதித்தபோது 14 வகையில் ஈயமோ, இரசமோ, ஆசெனிக்கோ காணப்பட்டது. மூலிகை என்று விற்ற உருண்டையில் நீரிழிவு மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததும் பல நாடுகளிற் பிடிபட்டுள்ளது. அத்தகைய உருண்டை நன்றாக வேலை செய்யும் என்பதே அதன் ஆபத்து. சித்த, ஆயுள்வேத மருந்து வேண்டுவோர் பதிவுபெற்ற வைத்தியரிடம் செல்க. உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்ச்சீட்டையும் அவருக்குக் காட்டுக.

பாகல் பயிரிடுவோருக்கு

இனி உங்கள் கையில் உள்ள காரியம். பாகற்கொடி இரண்டு மாதமளவிற் காய்தரத் தொடங்கும். பின்னர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பறிக்கின்றீர்கள். பழ ஈயோ காய் பிஞ்சாயிருக்கும்போதே தோலின்கீழ் முட்டையிடுகின்றது. புழு உள்ளே இருந்து தின்பதாற் காய் மஞ்சளாகி அழுகும். அதற்கு அஞ்சி வாரந்தோறும் பூச்சிகொல்லி விசிறுகின்றீர்கள். விசிறிய மருந்தின் சீட்டில், அறுவடைக்கு முன் 14 நாள் விடவேண்டும் என்று எழுதியிருந்தால், நான்கு நாளில் பறிக்கும் பயிருக்கு அது எவ்வாறு பொருந்தும்? கணக்குப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது. நீங்கள் கணக்குப் பார்ப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. சந்தை நாள் காத்திராது என்பதை நானும் அறிவேன். ஆனால் கறிக்கு வாங்குபவர் ஒரு நேரம் ஒரு துண்டு உண்பார், அதுவும் கழுவி, அவித்து. மருந்துக்கு வாங்குபவர் தினமும் இரண்டு மூன்று காயைத் தோலுடன் பச்சையாக அரைத்துப் பருகுகின்றார். ஏற்கெனவே நோயாளி அவர்.

ஆகவே காய் பறிக்கத் தொடங்கியபின் மருந்தை நம்பாது ஈயை வேறு வழியாற் தடுக்கவேண்டும். பூ வாடி விழுந்ததும் பிஞ்சைக் கடதாசி உறையினாலோ, அடிப்புறம் திறந்த பொலித்தீன் உறையினாலோ மூடிக் கட்டுங்கள். இது சலிப்பான வேலைதான். ஆயினும் வீட்டார் இருவர் பந்தலின் கீழ் ஒரு காலைப்பொழுது நின்றால் நூற்றுக்கணக்கான காய்களை மூடலாம். மூடிய காய் நேராகவும் மாசின்றியும் வளர்வதால் சந்தையில் முதலில் எடுபடும். ஈ குத்திய காயையும் விழுந்த காயையும் பந்தலின் கீழே விடாது நாள்தோறும் பொறுக்கி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் இடுங்கள். அல்லது இரண்டடி ஆழத்திற் புதையுங்கள். அவ்வழுகற் காயிலிருந்தே அடுத்த படை கிளம்புகின்றது. ஆண் ஈக்களைக் கவரும் பொறிகளை அயலவர் யாவரும் சேர்ந்து வைத்தாற் பயன் பெரிது. ஒருவர் மட்டும் வைத்தாற் பயன் சிறிதே.

திருநெல்வேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை, எம்.சி. 43 ஆகியன நமது திணைக்களம் சிபார்சு செய்த பாகல் இனங்களாகும். கொவ்வைக்கு விதை வேண்டியதில்லை. பென்சிற் பருமனான முற்றிய தண்டை ஒரு முழ நீளத்தில் வெட்டி, இரண்டு கணு மண்ணுள் இருக்க நட்டாற் துளிர்க்கும். வேலியோரமும் கிணற்றடியும் அதற்குப் போதும். மருந்து விசிறும் நிலத்தின் எல்லை வேலியில் வளரும் கொவ்வையிலையைப் பறிக்கலாகாது. காற்றில் வரும் துளிகள் முதலில் படிவது அவ்விலையிலேதான்.

நீரிழிவு இருப்பதாக ஐயுறுவோர், காலையில் வெறும் வயிற்றிற் குருதியைச் சோதிப்பித்துக் கொள்க. 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் வைத்தியரை நாடுக. நோயுள்ளோர் வயலிலிருந்து ஏறியதும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் வெட்டுக்காயம் உண்டோ என்று விளக்கொளியிற் பார்க்கவேண்டும். உணர்ச்சி மங்கிய பாதம் முள் தைத்ததைச் சொல்லாது. கொவ்வைத் தண்டும் பாகல் விதையும் ஈப்பொறியும் பெறும் வழியை உங்கள் கமநல சேவை நிலையத்திலோ, பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டறியலாம்.